வெட்டிவேர் மணந்த கிணற்று நீர்

பெங்களூர்
12-5-1962

கேளாய், என் வாழ்விணையே, தையல்நாயகி!

வணக்கம். நான் நலம். நம் மகள் பூங்கோதையின் பற்களில் பழுப்புக் கறை படர்வதை எண்ணினால் உங்கள் நலம் கேட்கவும் நா கூசுகிறது. மயிலத்தில் நாம் குடிக்கும் கிணற்று நீரே குற்றவாளி என ஐயுற்று, நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க அதில் ஒரு புட்டி கேட்டிருந்தேன்.

நேற்று உன் தம்பி நடராசன் புட்டியுடன் வந்தான்.

"மாமா, அக்கா காய்ச்சி வடிகட்டி, வெட்டிவேரு போட்டுக் குடுத்துச்சு. ஊர்த் தண்ணிக்கு ஏங்கிக்கினு இருக்கீங்களாமே, ஜல்தி குடிங்க!"

மூடியைத் திறந்ததும் கூடமே மணந்தது.

"பேச்சாளரே, இதை டெஸ்ட் பண்றதா, பந்தியில ஊத்துறதா?" என்றார் உடன் பணிபுரியும் திண்டிவனத்துச் சீனுவாசன். எல்லோரும் நகைத்தனர். நானும் நகைத்து, "பட்டிக்காட்டுப் பெண்கள்!" என்றேன்.

நடராசன் முகம் சுருங்கியது. "எதுக்குன்னு நீங்க எழுதவே இல்லியே, மாமா."

உண்மை! மேடைதோறும் பெண்கல்வி முழங்கிய நான், நீர் எதற்கென்று உனக்கு ஒரு வரி விளக்கவில்லை. போதாக்குறைக்கு உன்னையே எள்ளினேன். நாணுகிறேன். எல்லோரும் சென்றபின் அந்நீரைத் தனியே அமர்ந்து குடித்தேன். கொஞ்சம் வறுத்த மல்லாட்டைக் கடலையும் அனுப்பியிருக்கலாம் நீ.

நடராசன் வண்டிக்குக் கிளம்பி நிற்கிறான். பல்லைக் கெடுக்கும் உப்பு காய்ச்சினாலும் போகாது; அதனால் பூங்கோதைக்கு இன்றுமுதல் ஏரி நீரையே காய்ச்சிக் கொடு. கிணற்றில் இறைத்த நீரை எதுவும் சேர்க்காமல் கழுவிய புட்டியில் அடை. அதை நீயே எடுத்துக்கொண்டு, மகளோடு அடுத்த வண்டியில் ஏறு. நகைத்தவர் நடுவே நின்று சோதனையை உன் கண்ணால் பார். உடனே புறப்படு!

உன்,
அறிவழகன்