கை நனைக்காமல் வந்த முதல் வீடு

அன்புள்ள மாப்பிள்ளை சேகருக்கு,

அன்றைக்குப் பருத்திப்பட்டு வீட்டில் இருந்தவர்கள்: நீங்கள், நான், என் மகள் விமலா, என் தம்பி கோவிந்தன், அவன் பெண்டாட்டி சரோஜா. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீடு மனைக்கு மதிப்புப் போடும் தொழிலுக்கு வந்தீர்கள். விமலாவுக்கு ஏழாம் மாதம். ஒரு வீட்டைப் பார்த்து எழுதுங்கள், சரியாக இருந்தால் தொடர்ந்து தருகிறோம் என்றது பாங்க்கு. அது, கடன் கேட்டிருந்த கோவிந்தன் வீடாக வாய்த்தது. சொந்தக்காரர் வீடு என்று மேனேஜரிடம் சொன்னீர்கள். சொந்தத்துக்கு எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்க்கத்தான் உங்களை அனுப்புகிறேன் என்றாராம்.

டேப் பிடித்து அளந்தீர்கள். ஏரி நிரம்பினால் பின்கட்டில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டீர்கள். முதலில் சாப்பிடலாம் என்று கோவிந்தன் சரோஜாவை இலை போடச் சொன்னான். வஞ்சிரக் குழம்பு. நீங்கள் செருப்பை மாட்டினீர்கள்.

“இன்னிக்கு பாங்க்கு ஆளா வந்திருக்கேன் மாமா. கை நனைச்சா, சாப்ட்டுட்டு எழுதினான்னுவாங்க. நாளைக்கு மாப்பிள்ளையா வரேன். மீந்த கொழம்பே போதும்.”

“அக்கா பொண்ண கட்டிக்கினு எங்கூட்டு சோறு வாணான்றியா? அப்பறம் இன்னா சொந்தம்?”

சொன்னபடி மறுநாள் விமலாவோடு போனீர்கள். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சியை வாசலில் நிற்க வைத்தான்.

பின்கட்டுத் தண்ணீரையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தீர்கள். பாங்க்கு வேலை நிலைத்தது. அதற்கப்புறம் எந்த வீட்டை அளந்தாலும் அங்கே காபிகூடக் குடிக்காமல், கொரட்டூரில் என் வீட்டுக்கு வந்து, “அத்தே, பழைய சோறு இருக்கா?” என்பீர்கள். அவ்வளவு பசியை எப்படித்தான் தாங்கினீர்களோ?

உங்கள் மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள். உங்கள் டேப்பை எடுத்துக் கட்டிலை அளக்கிறாள். விமலா திட்டுகிறாள், நான் விடு என்கிறேன்.

இந்த மழைக்கு ஏரி நிரம்பிவிட்டது. கோவிந்தன் வீட்டுப் பின்கட்டில் முழங்கால் தண்ணீர். எனக்கு வருத்தம் என்று பொய் எழுத மாட்டேன்.

உங்களுக்குக் கதவு திறக்காதவன், உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தான். பாயசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கினான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே ஊற்றியிருப்பீர்களோ?

எனக்கு அந்தக் குணம் இல்லை மாப்பிள்ளை. உயிருள்ளவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு. சரோஜாவைக்கூட மன்னித்துவிட்டேன், அவள் உங்களுக்கென்று சமைத்தவள். மன்னிக்க முடியாதது ஒருத்தனைத்தான். கோவிந்தனை.

உங்கள் அத்தை,
கன்னியம்மா