ஈரத்தோடு மூடிய பியட்

அக்டோபர் 27, 2024, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து எல்லோரும் மத்திகிரி வீட்டில்தான் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்த அப்பா பீரோவைத் திறந்து பியட் கார் சாவியை எடுத்தார். எனக்குத்தான் என்று நினைத்து ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தங்கச்சி வின்சியின் புருஷன் ரோஷன் கையில் வைத்தார்.

"கண்ணு ஆபரேசனுக்கு அப்புறம் என்னால ஓட்ட முடியல. உங்க வீட்டுல ஷட்டர் போட்ட ஷெட்டு இருக்குது. இங்க வெயிலும் காத்துமா கெடக்குது. நீங்களே வெச்சுக்கோங்க மாப்ள."

மாப்ளயாம்! அந்த மாப்ளைக்குச் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணத் தெரியுமா? 1968ஆம் வருஷத்து வண்டி. இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அப்பாவோடு அதன் அடியில் படுத்துக் கிரீஸ் அடித்தவள் நான். பிளக்கைக் கழற்றித் துடைத்தவள் நான். மூணு பக்கமும் திறந்த அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், அப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தோம். ஒரு பொட்டுத் துரு கிடையாது.

ஜனவரி 12 அப்பா அம்மாவுக்குக் கல்யாணப் பொன்விழா பூசை. அன்றைக்கு அம்மாவை பியட்டில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஓட்டப் போவது ரோஷன்.

"ஏன் பவுலி, ஒண்ணும் பேச மாட்டேங்கற?" என்றாள் அம்மா.

"என்னத்தம்மா பேசறது. நல்லதுதானே" என்றேன்.

அக்டோபர் 28

வேலைக்குக் கிளம்பும்போது ஷெட்டைப் பார்த்தேன். தரையில் எண்ணெய்க் கறை மட்டும்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

வின்சியின் ஸ்டேட்டஸில் பதினோரு படங்கள். பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கீழே 'எங்க வீட்டு ராணி' என்று போட்டிருக்கிறாள்.

எங்க வீடாம். அவளுக்குப் பாகலூர் ரோட்டில் சொந்த வீடு இருக்கிறது, புருஷன் இருக்கிறான், பெங்களூரு வேலை இருக்கிறது. எனக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் இல்லை, அப்பா அம்மாவோடு வாடகை வீடு, அப்பாவுக்குக் கண் மருந்து ஊற்றும் வேலை. இந்த ஒரு தகர டப்பாவையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா?

பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது. வயிறு எரியுது. எழுதிட்டேன்.

நவம்பர் 8

ரோஷன் போன் பண்ணினான். அவர்கள் லேஅவுட்டில் ரோடு தோண்டுகிறார்களாம், ஷட்டர் இடுக்கு வழியாகப் புழுதி வருகிறதாம். பொன்விழா வரை வண்டி மேல் தூசி படக்கூடாதாம்.

"அக்கா, உங்க கம்பெனியில பார்ட்ஸை எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பறப்ப ஒரு நீலக் கவர்ல சீல் பண்ணுவீங்களே, கடல்ல போனாலும் துருப்பிடிக்காதுன்னு சொன்னீங்களே. அதே மாதிரி வண்டியைப் பேக் பண்ணிடலாமா?"

பேக்கிங் செக்சனில் பதினெட்டு வருஷம் வேலை பார்ப்பவளிடம் கேட்கிறான். ஸ்டோர்ஸ் சிவராஜிடம் சொல்லிக் கழித்துப்போட்ட ரோல் துண்டுகளை கேட் பாஸோடு வாங்கினேன். எதுக்கு வாங்கினேன்? மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே.

நவம்பர் 10, ஞாயிறு

நான் போனபோது ரோஷன் வண்டியைக் கழுவி முடித்திருந்தான். பிரஷர் பம்பு வைத்து, கதவைத் திறந்துபோட்டு, உள்ளேயும் அடித்திருக்கிறான். வெளியே துணியால் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். வின்சி காபி கொண்டுவந்தாள். "எங்க அக்கா இருக்கறப்ப எனக்கு என்ன கவலை" என்று என் தோளில் சாய்ந்தாள்.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கால்மிதி மேட்டைத் தூக்கி அடியில் இருக்கும் சணல் விரிப்பில் கை வைத்தேன். சொதசொதவென்று இருந்தது.

ரெண்டு நாள் வெயிலில் கதவைத் திறந்துபோட்டிருந்தால் போதும். அதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். வேறு யாருக்கும் அங்கே தெரியாது.

சொல்லவில்லை. கண்ணாடிகளை ஏற்றினேன். ஈரம் உறிஞ்சும் பொடிப் பைகள் பதினாறை சீட்டில் பரப்பினேன். அந்த ஈரத்துக்கு அது எந்த மூலைக்கு? கம்பெனிப் பெட்டிகளுக்குள் வைப்பதுபோல ஈரம் காட்டும் அட்டை ஒன்றை ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்தேன், பழக்க தோஷம். உள்ளே காய்ந்திருந்தால் அதன் பொட்டுகள் நீலமாக இருக்கும், ஈரமானால் ரோஸ் ஆகிவிடும். பிறகு உள்ளே இருப்பது தெரியும் அந்த நீலக் கவரை அடியிலிருந்து மேல்வரை சுற்றி, என் கையாலேயே டேப் ஒட்டினேன். ஒரு இடுக்கு விடவில்லை.

நவம்பர் 12

எங்கள் பேக்கிங் ஹாலில் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் போர்டு மாட்டியிருக்கிறது: ஈரத்தோடு மூடாதே. இன்று முனிலட்சுமி கழுவின பார்ட் ஒன்றைச் சரியாகக் காயவிடாமல் கவரில் போட்டுவிட்டாள். "போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். அழுதுவிட்டாள்.

நான் யாரைப் பார்த்துக் கத்தினேன்?

நவம்பர் 24, ஞாயிறு

ரோஷன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கவர் வழியாக அட்டை தெரிகிறது. மூன்று பொட்டும் நல்ல ரோஸ்.

"அக்கா, ரோஸ் கலர் ஆயிடுச்சு. நல்லதா?"

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைத்தேன். கொடியில் போட்டேன். திரும்பி வந்து போனை எடுத்தேன்.

"நல்லதுதான்" என்று அனுப்பினேன். கட்டைவிரல் படமும் போட்டேன்.

உடனே பதில் வந்தது. "நீங்க சொன்னா சரிதான் அக்கா."

நவம்பர் 25

அன்னிக்கு சும்மா இருந்தேன், சரி. நேத்து சொன்னது பொய். ரெண்டும் ஒண்ணு இல்ல.

டிசம்பர் 2

புயல் மழை. ஊத்தங்கரைப் பக்கம் பஸ்ஸெல்லாம் தண்ணீரில் நிற்கிறது என்று டிவியில் காட்டினார்கள். ஓசூரிலும் விடாமல் பெய்கிறது. சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கிறது, போட்ட துணி காயவில்லை. அந்தக் கவருக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். செருப்புகூடப் போட்டுவிட்டேன். அப்போது ரோஷனிடமிருந்து இன்னொரு படம் வந்தது. கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"காலையில பனி ஜாஸ்தி அக்கா" என்று எழுதியிருந்தான்.

அதைப் பனி என்கிறான்! அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "வின்சி வீட்டுல எவ்ளோ பத்திரமா வெச்சிருக்காங்க பாரு. நம்ம வீட்டுல இருந்தப்ப வேட்டியைப் போத்தித்தானே கெடந்துச்சு" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரமா? இருங்க, ஜனவரியில தெரியும் பத்திரம். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். வரிசையில் நின்றேன். முன்னால் நாலு பேர். மூணு பேர் ஆனார்கள். ரெண்டு. வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 25

வின்சி எனக்குப் புடவை எடுத்திருந்தாள். நீலம்.

ஜனவரி 4, 2025, சனி

இன்று கவரைப் பிரித்தோம். அப்பாவையும் கூட்டிப்போயிருந்தேன்.

டேப்பை இழுத்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஈரச் சாக்கு வாடை. சீட் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. ஸ்டீயரிங் மேல் சாம்பல் பூத்த மாதிரி. மேட்டைத் தூக்கியதும் தண்ணீர் ஓடிவந்தது. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தேய்ந்து மெலிந்த பழைய தகட்டை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன், உள்ளே இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுத்துகிறது, பிடிக்கவில்லை.

அப்பா பூஞ்சையைத் தன் துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறைதான் பெரிசானது.

"எல்லாம் என் தப்புக்கா. அன்னிக்கு நான் டேப்பைச் சரியா அழுத்தல போல. நீங்க அவ்ளோ பாத்துப் பாத்துப் பண்ணிக் கொடுத்தீங்க" என்றான் ரோஷன். கண் கலங்கியிருந்தது.

வின்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சாவியை உருவி என் கையில் வைத்தார். "தப்புப் பண்ணிட்டேன் பவுலி. உனக்குத்தான் கொடுத்திருக்கணும்."

இந்த வார்த்தையைக் கேட்கத்தானே ரெண்டு மாசமாக எரிந்துகொண்டிருந்தேன். கேட்டாச்சு. கயிறு கட்டி இழுத்து வண்டியை மத்திகிரிக்குக் கொண்டுவந்தோம். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தது நான்தான். வழியெல்லாம் அந்த நாற்றம்.

ஜனவரி 6

லீவு போட்டுவிட்டேன். இன்னும் ஆறு நாள். சீட்டுகளைக் கழற்றி மாடியில் வெயிலில் போட்டேன். வினிகர் தண்ணீரில் நாலு தடவை துடைத்தேன். சணல் விரிப்பைப் பிய்த்து எறிந்தேன். கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு, எல்லாம் அழுக்கு அடைத்துக் கிடந்தன. விளக்குமாற்றுக் குச்சியால் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

ஜனவரி 8

மெக்கானிக் நாராயணப்பன் வந்து அழுகின தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். கன்னடமும் தமிழும் கலந்து திட்டினார். "யாரம்மா இத மூடினது? பெரிய எஞ்சினியரோ? வண்டி மூச்சு விடறதுக்குக் கூட ஜாகா இல்லாம கட்டியிருக்கான்."

"தெரியாதவங்க" என்றேன்.

டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து நாள் முழுக்க ஓடவிட்டேன்.

ஜனவரி 10

பிளக்குக்குக் கரண்ட் பிரிக்கும் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெயிலில் காயவைத்துத் துடைத்து மாட்டினேன். புது பிளக். மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அப்பா கை தட்டினார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜனவரி 11, சனி

வின்சி தனியாக வந்தாள். தூக்குச் சட்டியில் பிரியாணி. ஷெட்டில் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள்.

"வண்டிக்குள்ள கெடந்துச்சுக்கா. கீழ பொடி எழுத்துல போட்டிருக்குது பாரு, ரோஸ் ஆனா உள்ள ஈரம், உடனே பிரிக்கணும்னு. அவர் படம் அனுப்பின அன்னிக்கே கவர் வழியா நான் படிச்சேன். அவர்கிட்ட சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நல்லதுதான்னு உன் பதில் வந்துடுச்சு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், அட்டையிலதான் தப்பா அடிச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

என் கையில் வயர் பிரஷ் இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"பொறாமைடி" என்றேன். வேற என்ன சொல்லுவேன்?

"இதுக்கா? கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேக்கா. இந்த வண்டியில ஏறினாலே எனக்கு வாந்தி வரும். சின்ன வயசுலயிருந்து உனக்குத் தெரியாதா?"

தெரியும். நாகரசம்பட்டிக்கு மாம்பழம் வாங்கப் போகும்போதெல்லாம் அவளுக்குக் கவர் பிடித்தது நான்தான்.

"அவர்கிட்ட நீ எதுவும் சொல்லாத. உன்னைச் சாமி மாதிரி நம்பறாரு. அப்பாகிட்டயும் வேணாம். நாளைக்கு அம்மா சந்தோசமா போகட்டும்" என்று எழுந்தாள். போகும்போது, "பிரியாணி ஆறிடும், சாப்பிடு" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவும் அப்பாவும் பின்சீட்டில். நான் ஓட்டினேன். அம்மா தலையில் இருந்த மல்லிகையையும் மீறி அந்த வாடை லேசாக வந்தது. "என்னமோ மண்ணு வாசம் அடிக்குதே" என்றாள். அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டார். கோயில் வாசலில் எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள்.

திரும்பி வந்ததும் சாவியை ரோஷனிடம் கொடுத்தேன். கவர் வேண்டாம், பருத்தித் துணி மட்டும் போதும், வெயில் வந்தால் ஷட்டரைத் தூக்கிவிடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்டு, இஞ்சின் சூட்டில்தான் ஈரம் போகும் என்று எல்லாம் சொன்னேன். நவம்பரில் சொல்லியிருக்க வேண்டியதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "உனக்கு வேணாமா பவுலி?"

"வேணும்ப்பா. அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

வின்சி முன்சீட்டில் ஏறிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். மடியில் ஒரு கவர் வைத்திருந்தாள்.

ஜனவரி 19, ஞாயிறு

முனிலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். நேற்று கேட்டுவிட்டேன். "எதுக்குக்கா?" என்று சிரித்தாள். அவளிடம் கேட்பது சுலபமாக இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

குடும்ப குரூப்பில் ரோஷன் படம் போட்டிருந்தான். கோயிலுக்குப் போய்வந்த பியட், உள்ளே நான் கொடுத்தனுப்பிய புது அட்டை. மூன்று பொட்டும் நீலம்.

"அக்கா, நீலமா இருக்கு. நல்லதுதானே?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. 'நல்லது' என்று டைப் பண்ண ஆரம்பித்தேன். அனுப்புவதற்குள் கீழே வின்சியின் பதில் வந்து விழுந்தது.

"அக்காவை எதுக்குக் கேக்கறீங்க? அட்டையிலயே எழுதியிருக்குது. நான் படிச்சுட்டேன்."

டைப் பண்ணியதை அழித்தேன்.