சாமியிடம் இருந்த மூடி

இன்று காலை அலுவலகத்தின் உட்கூரைத் தட்டைப் பிரித்து, நீ இழுத்துப் போட்ட கறுப்புக் கேபிளை உருவி எடுத்தார்கள். இனிமேல் புதுவிதக் கம்பியாம். தூசி நாற்றம் தாங்காமல் எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் தும்மிக்கொண்டே மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். வேலைக்கு வந்த தம்பி, கேபிளின் நுனியில் இருந்த சின்ன உலோக மூடியைக் கழற்றி, "இது வேணுமாக்கா, இல்ல பூவாங் பண்ணிரவா?" என்று குப்பைப் பையைக் காட்டினார். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்போதிலிருந்து உன்னோடு மனதுக்குள் சண்டை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, ஆனாலும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

நாம் இரண்டு பேரும் இதே கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் தட்டச்சு செய்த பெண்கள். புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது அவற்றில் ஒன்றும் இல்லை, வெறும் கறுப்புத் திரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டு டிஸ்கெட்டை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றார்கள். நீதான் மானேஜரிடம் போய், எல்லாவற்றையும் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அங்கிருந்து கேபிள் வழியாகவே எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் இறக்கிவிடலாம் என்று சொன்னாய். மாலை வகுப்பில் படித்த தைரியம். மானேஜர் சீனர், வளவளவென்று பேசமாட்டார். "திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் வேலை ஓட வேண்டும். ஓடினால் இந்த வேலை உனக்கு நிரந்தரம். இல்லையென்றால் கோலாலம்பூரிலிருந்து ஆள் வரும், நீ தட்டச்சுக்கே போ" என்றார்.

சனிக்கிழமை கேபிள் வேலை முடிந்தது. கடைசி மேசை வரைக்கும் நீட்டுவதற்காக நுனி மூடியைக் கழற்றி உன் கருவிப் பையில் போட்டாய். ஞாயிறன்று அலுவலகத்தில் நாம் இரண்டு பேர் மட்டும். ஒரு கம்ப்யூட்டரை எழுப்பினாய். அது சர்வரைத் தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. அடுத்ததும் அப்படியே. நான் ஒவ்வொரு மேசைக்கடியிலும் புகுந்து கம்பியை ஆட்டிப் பார்த்தேன். "உக்காருடீ, சிலோன்காரி. நீ குதிச்சா லைன் வந்துருமா?" என்றாய். பிறகு கேபிளைத் தடவிக்கொண்டே கடைசி மேசைக்குப் போய் நின்றுவிட்டாய்.

"மூடி இல்ல," என்றாய். அந்தக் கேபிளுக்கு இரண்டு நுனியிலும் மூடி இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒரு மெஷினும் பேசாது.

"எங்க வச்ச?"

"சாமிகிட்ட இருக்கு."

அன்று ஆயுத பூசை. காலையில் கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் உன் அம்மா பூசை போட்டபோது, கருவிப் பையை அப்படியே சாமி முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறாய், உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே. எங்கள் வீட்டில் புத்தகத்தைத்தான் வைப்பார்கள். இப்படிக் கேபிள் மூடியை வைத்துப் பூசை போட்ட குடும்பத்தை அன்றுதான் கண்டேன். வேறு மூடி வாங்கலாம் என்றால் கடைகள் பூட்டிக் கிடந்தன.

பெர்ரி பிடித்து, பஸ் பிடித்து உன் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் நான் திட்டினேன், நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். சாமி மேடையில் உன் அம்மா ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக் கத்தி, பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்த உன் பை. விஷயத்தைச் சொன்னதும் உன் அம்மா யோசிக்கவே இல்லை. "எடுத்துக்கங்க பிள்ள. பொழப்புக்குத்தானே, சாமி கோவிச்சுக்காது" என்றார். நான் கையை நீட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாய்.

"வேணாம்மா. நாளைக்கி மறுபூசை முடிஞ்சி எடுத்துக்கலாம்."

"நாளைக்கி எடுத்தா வேல போயிரும்லா," என்றேன்.

"அம்மா கத்தி பக்கத்துல இந்த வருஷந்தான் என்னோடது ஒண்ணு உக்காந்திருக்கு. நான் எழுப்பமாட்டேன்."

இதற்கு மேல் உன்னிடம் யார் பேச முடியும்? அன்று உன் வீட்டிலேயே தங்கினேன். நீ நன்றாகத் தூங்கினாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விடியுமுன் உன் அம்மா மறுபூசை செய்து, மூடிக்கும் ஒரு பொட்டு வைத்து, பையை உன் கையில் கொடுத்தார். முதல் பெர்ரியில் வந்து, சந்தனம் காயாத மூடியைத் துடைத்துத் திருகினாய். வரிசையாக எல்லா மெஷினையும் எழுப்பினாய். இந்த முறை ஒவ்வொன்றும் சர்வரைக் கண்டுபிடித்தது. எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் நீலப் பட்டை நகரத் தொடங்கியபோது, நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். ஆனால் மானேஜர் உள்ளே வந்தபோது பாதி மெஷின் முடியவில்லை. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நேற்றே ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்டார். கேபிள் கோளாறு என்று சொல்லச் சொல்லி நான் உன் முதுகில் குத்தினேன். நீ மலாய் மொழியில் நடந்ததை நடந்தபடியே சொன்னாய். அவர் தன் அறை வாசலில் இருந்த சிவப்புச் சாமிப் பெட்டியைப் பார்த்தார். அவர் காலையில் ஏற்றிய ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. "அடுத்த வருஷம் இரண்டு செட் வாங்கு. சாமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வேலை உனக்கே நிலைத்தது.

நானும் அன்று சந்தோஷப்பட்டேன். வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தோம். பிறகு ஒரு தீபாவளி கழிந்து, மார்பில் கட்டி ஒன்று இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னாய். மறுநாளே விடுப்பு எடுத்து, காரோடு உன் வாசலில் வந்து நின்றேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறது, விரதத்துக்கு நடுவில் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், முடியட்டும் என்றாய். நான் கத்தினேன். "அன்னைக்கும் இப்படித்தான் குதிச்ச. பூசை முடியட்டும்னு இருந்தேன், என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டாய். நான் காரைத் திருப்பிக்கொண்டு போனேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படியில் நீ பால்குடத்தோடு ஏறினாய், நான் பக்கத்திலேயே ஏறினேன். அதன் பிறகு டாக்டர் கேட்டது ஒரே கேள்வி, ஏன் முன்பே வரவில்லை என்று.

அந்தத் திங்கட்கிழமை நீ தோற்றிருக்க வேண்டும் என்று சில நாள் நினைக்கிறேன். மானேஜர் உன்னைத் தட்டச்சுக்கே திருப்பி அனுப்பியிருந்தால், கோலாலம்பூர்க்காரன் உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், தைப்பூசத்துக்கு முன்பே நீ என் காரில் ஏறியிருப்பாய். என்ன கெட்டுப்போச்சு என்று நீ கேட்டாயே, அன்று ஒன்றும் கெடாமல் போனதுதான் கெட்டது. இதுதான் என் பதில், இத்தனை நாள் கழித்து வந்திருக்கிறது. ஆனால் அன்று காலை வாயைப் பொத்திக்கொண்டு நின்ற உன்னைப் பார்த்தவளும் நான்தான். நீ தோற்றிருக்கலாம் என்று முழு மனதாக நினைக்க வரவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.