தொண்டையில் வைத்த விரல்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் ரத்தினம்மாள் வாயைத் திறக்கவில்லை.

பக்கவாதம் வந்து இரண்டு மாதம். பேச்சு போய் வெறும் சத்தம்தான் வருகிறது, விழுங்குவதும் போய்விட்டது. கஞ்சி, தண்ணீர் எல்லாம் மூக்குக் குழாய் வழியாகத்தான். கொஞ்ச நாள் பழக்கிய பிறகு, எனக்குப் பயிற்சி தரும் கலைச்செல்வி மேடம் சோதித்துப் பார்ப்பார். விழுங்கினால் குழாயை எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். எனக்கும் இவரை வைத்துத்தான் செய்முறைத் தேர்வு. பேச்சுப் பயிற்சி உதவியாளர் படிப்பு என்றதும், ஊரில் எல்லோரும் நான் பேசக் கற்றுக்கொடுப்பதாகத்தான் நினைக்கிறார்கள். விழுங்கப் பழக்குவதும் இந்த வேலைதான் என்பது சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

என் ஊர் தெரிந்ததும் அவர் கணவர் விநாயகம் முதல் நாளே கேட்டுவிட்டார். "தொண்டூர்ல எந்தப் பக்கம்மா?" காலனி என்றேன். "ஓ" என்றார். அவ்வளவுதான். கை கால் பயிற்சி கொடுக்க வரும் தம்பிக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ. எனக்குப் பேப்பர் கப். இப்போது இந்த அம்மாவும் என் கையைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொள்கிறார். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 6, புதன்

மேடம் வாரத்தில் ஒரு நாள்தான் செஞ்சியில் எங்கள் மையத்துக்கு வருவார். வந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டேன். வேறு நோயாளி கொடுங்கள் என்றேன்.

"அவங்களுக்கு யாரோ வாயப் பொளந்து ஜூஸ் ஊத்தியிருக்காங்க, கலைமதி. மூச்சு முட்டி உயிர் போய் உயிர் வந்திருக்குது. அவங்க பயப்படறது ஸ்பூனப் பாத்து" என்றார்.

பேப்பர் கப்பும் பயத்தில்தான் வருகிறதா? கேட்கவில்லை. ஸ்பூனை ஒளித்து வை, முதலில் கையைப் பிடி என்றார். மேடத்தைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாய்க்குள் போகக் கூடாது. உதடு காய்ந்தால் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து ஒற்றலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

திறந்தார்! ஸ்பூன் நுனியில் கெட்டிக் கேழ்வரகுக் கஞ்சி. மேடம் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தாடையைக் கீழே இறக்கித் தொண்டையில் விரல் வைத்தேன். அவர் விழுங்க, விரலுக்கடியில் தொண்டைக் குமிழ் ஏறி இறங்கியது. "ஆ சொல்லுங்கம்மா." சொன்னார். சுத்தமான குரல். தப்பான வழியில் போயிருந்தால் வாய் கொப்பளிக்கிற மாதிரிக் கரகரக்கும்.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

விநாயகம் ஐயா தினமும் இதே பேச்சு. "மாட்டுக்குக்கூட தண்ணி காட்டாம இருந்ததில்லமா நாங்க. ஒரு வாய் தண்ணி குடுத்தா இன்னா ஆயிடும்?" கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து, அதுதான் வேகமாக ஓடி நுரையீரலில் இறங்கும் என்று எத்தனை முறை சொல்வது? அவர் என்னை ஈரமில்லாதவள் மாதிரிப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி. அமாவாசை



செஞ்சி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. அமாவாசை என்பதால் எல்லா பஸ்ஸும் மேல்மலையனூர் கோயிலுக்கு, நடுவில் எங்கும் நிற்காதாம். ஷேர் ஆட்டோ பிடித்து ரத்தினம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மகன் நெடுமாறன் வேண்டுதலுக்காகக் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்.

விநாயகம் ஐயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீ வரல. இவ நாக்க நீட்டி நீட்டிக் காட்னா. அரை டம்ளர் தண்ணி குடுத்தன். ஒரு இருமல் இல்ல, பாத்துக்க!"

இருமியிருந்தால் தேவலை. இருமலே இல்லாமல் உள்ளே இறங்குவதுதான் மோசம். ஆ சொல்லச் சொன்னேன். அடியில் தண்ணீர் நிற்கிற குரல். நிமிர்த்தி உட்கார வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "நல்ல நாள் அதுவுமா இன்னா பேச்சு பேசற? நல்லாத்தான இருக்கறா." மேடத்துக்குப் போன் அடித்தேன், திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. கோயில் கூட்டத்தில் நெடுமாறனுக்கும் லைன் கிடைக்கவில்லை.

நான் கிளம்பவில்லை. போ என்றார், போகவில்லை. சாயங்காலம் நெடுமாறன் வந்து அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அனலாய்க் கொதித்தது. உடனே வண்டி பிடிக்க ஓடினார்.

ஆகஸ்ட் 23, சனி

நிமோனியா. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

விநாயகம் ஐயா மேடத்திடம் என்மேல் புகார் சொல்லியிருக்கிறார். "அந்தப் பொண்ணுதான் பஞ்சுல நனைச்சி நனைச்சித் தண்ணி வெச்சுது. நான் ஒண்ணும் குடுக்கல."

எப்படி வாய் வந்துது அந்த ஆளுக்கு? என் முன்னாடி சிரிச்சிக்கிட்டே சொன்னாரே! — ஒருவேளை நான்தானா? பஞ்சைச் சரியாப் பிழிஞ்சனா? பிழிஞ்சன். தினமும் பிழிஞ்சன். அன்னிக்கு நான் பஞ்சையே தொடலியே!

"அம்மாவையே கேளுங்க மேடம்" என்றேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம். எதைக் கேட்டாலும் ரத்தினம்மாள் தலையாட்டுவார். உங்கள் பெயர் ராஜாம்பாளா என்றாலும் ஆட்டுவார். மேடத்திடம் அதைச் சொன்னதே நான்தான்.

விசாரித்து முடியும்வரை நான் எந்த நோயாளியையும் தொடக் கூடாது. புகார் உறுதியானால் சான்றிதழ் இல்லை. "பெரிய இடத்துப் பேச்சுதான் எடுபடும், உட்டுடு" என்றார் நைனா. அப்பா என்றும் பார்க்காமல் அவர்மேலும் எரிந்து விழுந்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நெடுமாறன் போன் செய்தார். "அம்மாவ வார்டுக்கு மாத்திட்டாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." புகாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா பிழைத்ததற்கா, எனக்காகவா, தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ரத்தினம்மாள் வீடு திரும்பிவிட்டார். மேடம் இன்று என்னையும் கூட்டிப்போனார். பின்னால் நில், பேசாதே, தொடாதே என்று சொல்லித்தான்.

மேடம் ஸ்பூனை நீட்டினார். வாய் திறக்கவில்லை. "நீங்க குடுத்துப் பாருங்க" என்று விநாயகம் ஐயாவிடம் கொடுத்தார். அவர் ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனதும் ரத்தினம்மாள் பல்லைக் கடித்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் வாரம் என்னிடம் செய்தாரே, அதே மாதிரி. "நான்டி, ரத்தினம்" என்றார் அவர். அம்மா திரும்பவில்லை. வாதம் தாக்காத நல்ல கையைத் தூக்கினார். என் பக்கம் நீட்டினார்.

"போ" என்றார் மேடம்.

முதலில் அந்தக் கையைப் பிடித்தேன். பிறகு தாடை. பிறகு தொண்டையில் விரல். திறந்தார். விழுங்கினார். நான் கேட்காமலே "ஆ" என்றார். சுத்தமான குரல்.

விநாயகம் ஐயா மனைவியையே பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான்தான் குடுத்தன், மேடம். இவ செத்துடுவாளோன்னு பயந்துட்டன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

டீ வந்தது. பேப்பர் கப்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

குழாயை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. எல்லாம் கெட்டியாக்கி ஸ்பூனில்தான், வெறும் தண்ணீர் மட்டும் இன்னும் கூடாது. என்மேல் இருந்த புகார் நீங்கி, தேர்வுத் தேதியும் வந்துவிட்டது. காலையில் குளித்துவிட்டு வந்தால் போன் அடித்துக்கொண்டிருக்கிறது. விநாயகம் ஐயா.

"கலைமதிமா, இவ தண்ணி கேக்கறா."

"கை காட்டறாங்களா?"

"இல்லமா. வாய் தொறந்து கேக்கறா."

போனை அம்மாவின் வாயருகே பிடிக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நேரம் ஆயிற்று. பிறகு, "தண்ணி." சொல் குழறியது. ஆனால் குரலில் கரகரப்பு இல்லை.

"குடுக்கலாமாமா?"

மேடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"சரிமா. டம்ளர் கையிலதான் இருக்குது. நீ சொல்றவரைக்கும் குடுக்க மாட்டன்" என்றார்.