நான் சாப்பிடாத அரிசி

என் ஆசை லூர்தம்மா,

நீ போன பிறகு வரும் முதல் தபசு காலம் இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் மேலே யாரிடமாவது கொடுத்துத் திருத்திக்கொள். இந்தத் தேயிலைத் தோட்டமே படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

ஒரு வருஷம், தபசு முடியும்வரை கறி தொடமாட்டேன் என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா? “ஏங்க, நத்தார் பண்டிகைக்கு அப்புறம் நம்ம வீட்டுல கறி ஆக்குனது எப்ப? இல்லாதத ஆண்டவருக்கு விட்டுக்குடுக்குறீங்களாக்கும்!” என்று சிரித்தாய். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து பிஸ்கட் தகரத்தில் போட்டாய். அது என் பங்கு என்பது மத்தியானம் தட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இந்த வருஷம் பிடி என்னுடையது. பெரிய கைதான், ஆனால் அரிசிக்குள் போனதும் விரல்கள் இறுகிக்கொள்கின்றன. “அப்பா, ஒங்க பிடி அம்மா பிடியில பாதிகூட வராது” என்கிறாள் பிலோமினா. உன் மகளாயிற்றே!

வழக்கப்படி தகரம் பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போகவேண்டும், ஏழைகளுக்கென்று. ஆனால் நம் சுவருக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் பெருமாள் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தான் என்று அவன் பேரையும் அவன் பெண்சாதி மாரியாயி பேரையும் வேலையிலிருந்து வெட்டிவிட்டார்கள். தோட்டத்து அரிசி நின்றுவிட்டது. அவர்களுக்கு யார் ஒரு மணி அரிசி கொடுத்தாலும் கொடுத்தவர் பேரும் வெட்டப்படும் என்று துரை உத்தரவு. பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது உன்னோடு குடத்துக்குச் சண்டை போடுவாளே, அதே மாரியாயிதான்.

மூன்று நாள் அவர்கள் அடுப்பு புகையவில்லை. நான் என்ன செய்தேன்? மூன்று நாளும் செபமாலை சொன்னேன். உன் புருஷனின் வீரம் உனக்குத் தெரியாததா? நான்காம் நாள் தகரத்தைத் திறந்து பார்த்தேன். பசி பெரிய வெள்ளி வரைக்கும் காத்திருக்குமா?

ஒளித்துக் கொடுத்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும் நேரம், வேலை கேட்டு ஓரமாக நின்ற மாரியாயியின் கையில் எல்லார் முன்னாலும் தகரத்தை வைத்தேன். கோயிலில் முதல் வரிசையில் முழங்காலிடும் நம் கண்டாக்கையா, வேலையை மேற்பார்ப்பவர், பாய்ந்து வந்தார்.

“என்னாடா அது?”

“தபசு அரிசிங்க.”

“தபசுன்னா நீ பட்டினி கெடக்கணும். கோயில் அரிசிய விபூதி பூசுறவளுக்குக் குடுக்கவா சொன்னாங்க?”

“நான் சாப்பிடாத அரிசிதாங்க இது. நான் பட்டினி கெடந்தா யாராச்சும் சாப்பிட வேணாமா?”

யாரோ சிரித்தார்கள். நான் மாரியாயி பக்கம் திரும்பினேன்.

“தகரத்த மட்டும் திருப்பித் தந்திரு தங்கச்சி, நாளைக்கும் பிடி போடணும்” என்றேன்.

“லூர்து வீட்டுத் தகரத்த வச்சிக்கிட்டா, அவ எந்திரிச்சி வந்து சண்டைக்கி நிப்பாண்ணே” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாளைக் காலையில் என்னை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பேரை வெட்டினால் வெட்டட்டும். மன்னிப்புக் கேட்கமாட்டேன். பிள்ளையை எங்கே கூட்டிப்போவீர்கள் என்று கேட்பாய். தெரியாது, லூர்து. ஆனால் எந்தத் தோட்டத்தில் அடுப்பு மூட்டினாலும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துவைப்பேன், என் பங்கிலிருந்து. விரலை விரித்தே அள்ளுவேன். இது சத்தியம்.

பிலோமினாவின் அப்பன்,
இன்றைக்கும் உன் புருஷன்,
சவரிமுத்து