அப்பா பார்த்து வந்த ரேட்

என் அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் வாய் எங்கள் இருவரையும் விட நலம். அங்கே நீயும், நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடைத் தையல் எல்லாம் ஒருவழியாக முடிந்து மெஷினுக்கு எண்ணெய் போட்டு மூடிவிட்டேன். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அப்பா அதைத் தானே சரிசெய்து இன்னும் நன்றாக ஒழுக வைத்திருக்கிறார். என் பெட்டியில் பாதி கட்டியாகிவிட்டது. நீ கேட்ட பெரிய கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்கக் கூடாதாம், அதனால் பெட்டியின் அடியில் துணிக்கு நடுவே சுற்றி வைத்திருக்கிறேன்.

நீயே பார்த்து முடிவு செய்த உன் கல்யாணச் செய்தி வந்த நாளிலிருந்து அப்பா உன்னோடு பேசவில்லை என்பதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. "நீ வேணா போயிட்டு வா, எனக்கு அங்க என்ன வேலை" என்று அன்றைக்கே கத்திவிட்டு எழுந்து போனவர். அதன் பிறகு நான் எத்தனை விதமாகச் சொல்லியும் மசியவில்லை. ஆனால் என் பயணம் முடிவானதும் தானாக வந்து நின்றார். "விசா வேலையையும் பணம் மாத்துற வேலையையும் எங்கிட்ட விடு, உன்ன விட்டா முதல் கடையிலயே ஏமாந்துட்டு வருவ" என்றார். பஸ் டிப்போவில் காலமெல்லாம் கேஷியராக இருந்து ஊரார் பணத்தை எண்ணியவர், விட்டுக்கொடுப்பாரா? சரி, இந்த மட்டுக்காவது என் பயணத்தில் தலையிடுகிறாரே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பணம் மாற்றுகிற கடைகள் வரிசையாக இருக்கிற தெரு உனக்கு நினைவிருக்கும். அந்தப் பக்கம் எத்தனையோ தடவை நூல் வாங்கப் போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வாலு, அந்தப் பலகையைப் பார்த்து நான் அசந்துபோனேன். சிவப்பு எழுத்தில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டிரண்டு விலை. அவர்கள் நமக்கு விற்றால் ஒரு விலை, அதே நோட்டை நம்மிடமிருந்து வாங்கினால் அதைவிடக் குறைந்த விலை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஊர்ப் பணத்தின் கடைசி எண் மாறியது. எங்கோ ஒரு மூலையில் யாரோ எதையோ வாங்கியோ விற்றோ இருக்கிறார்கள், அதற்கு இங்கே நூல் கடைக்கு எதிரே இருக்கிற பலகை பதில் சொல்கிறது. இவ்வளவு பெரிய உலகம் இத்தனை நாளும் நம் தெருவுக்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்ததா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா என் முழங்கையை இடித்து, "வாய மூடு, பார்த்தா புதுசுன்னு தெரிஞ்சுடும்" என்றார்.

முதல் கடையில் கமிஷன் கிடையாது என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். நான் அங்கேயே வாங்கிவிடலாம் என்றேன். அப்பா ரேட்டைக் கேட்கவில்லை, கமிஷனைக் கேட்கவில்லை, ஒரே கேள்விதான் கேட்டார். "எங்கிட்ட இவ்வளவு இருக்கு, எல்லாம் போக என் கைல என்ன வரும், அத மட்டும் சொல்லுங்க." அதே கேள்வியை அடுத்தடுத்த கடைகளிலும் கேட்டார். கமிஷன் வாங்குகிற கடையில்தான் கைக்கு அதிகம் வந்தது! இலவசம் என்று எழுதியவர்கள் அதை ரேட்டுக்குள்ளேயே ஒளித்துவிட்டார்களாம். உன் மாமா வேறு போன் செய்து, முதலில் டாலராக வாங்கிக்கொண்டு அங்கே போய் அந்த ஊர்ப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னான். அது எனக்கே பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் தையலுக்கென்று ஓரத்தில் துணி போகும், ஒரே சட்டைக்கு எதற்கு இரண்டு முறை வெட்டவேண்டும் என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாராட்டவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை, அவரிடம் அதுவே பெரிய விஷயம்.

இத்தனையும் விசாரித்தவர் வாங்கினாரா என்றால் இல்லை. "இன்னும் இறங்கும், பொறு" என்றார். இறங்கவில்லை, ஏறியது. மறுநாளும் ஏறியது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு போவார், பலகையைப் பார்ப்பார், வெறுங்கையோடு வருவார். மீதிச் சில்லறை குறைந்தது என்று ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சண்டை போட்டவர் இவர். இப்போது தினம் தினம் நஷ்டமாகிறது, மனுஷன் கல்லு மாதிரி உட்கார்ந்து டீ குடிக்கிறார். தான் வராதது போதாதென்று என்னையும் போகவிடாமல் இழுத்தடிக்கிறார் என்றே நினைத்தேன். கல்யாணத்தன்று உன் பக்கத்தில் நிற்க ஒருத்தருமே இல்லாமல் போய்விடுமோ என்று தனியாக உட்கார்ந்து அழுதேன். பொறுக்க முடியாமல், உங்கள் உதவியே வேண்டாம், ஏர்போர்ட்டிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் துள்ளி எழுந்தார். "ஏர்போர்ட்லயா! வேற வழியில்லாம வர்றவங்களுக்குன்னே ரேட் போட்டு வச்சிருப்பான். அதுக்கு நீ பணத்த ரோட்டுல வீசிட்டுப் போகலாம்" என்றார்.

போன வாரம் ஒருநாள் காலையில், கிளம்பு போகலாம் என்றார். அன்றைக்கு ரேட் இருந்ததிலேயே உச்சம். சொன்னேன், காதில் வாங்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட் கேட்டாள். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து இரண்டு பாஸ்போர்ட்டை வைத்தார். ஒன்று என்னுடையது. மற்றது என் பழையதாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் பிரித்தாள், உள்ளே அப்பாவின் முகம்! புத்தம் புதுசு, விசாவும் ஒட்டியிருக்கிறது. என் விசாத் தாள்களைக் கொடுக்கப் போகிறேன், வாங்கப் போகிறேன் என்று அலைந்தாரே, தனக்கும் சேர்த்துத்தான் அலைந்திருக்கிறார். "ரெண்டு பேருக்குமா சார்?" என்று அவள் கேட்டாள். "ஆமா, ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்குறோம்ல, பெரிய தொகை, ரேட்ல கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றார். அவள் உள்ளே போய்க் கேட்டுவந்து ஏதோ துளி குறைத்தாள். காத்திருந்ததில் விட்டதற்கு முன்னால் அது ஒரு நூல்கண்டுக்குக்கூடக் காணாது, ஆனால் ஜெயித்துவிட்ட முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார் பார். நோட்டுகளை வாங்கியதும் பழக்க தோஷத்தில் மேல் நோட்டின் ஓரத்தில் எண்ணிக்கையை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார். "ஐயோ சார், கிறுக்கல் இருந்தா அங்க வாங்கமாட்டாங்க" என்று அவள் அலறியதும் நம் கேஷியர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். உங்கள் நோட்டின் நடுவே கண்ணாடிபோல் ஒரு சின்ன இடம் இருக்கிறதே, அதன் வழியாக என் விரல் தெரிந்தது. நீ தினமும் தொடுகிற பணம் இதுதானா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், என்னுடையதையாவது மலிவாக இருந்தபோதே வாங்கியிருக்கலாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. தெருமுனை வரைக்கும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் சொன்னார். "உனக்கு மட்டும் வாங்கிட்டா, நான் வரலைங்கிறது முடிவாயிடும்ல. சொல்லியிருந்தா நீ அன்னிக்கே அவளுக்குப் போன் போட்டிருப்ப. நீங்க மட்டும் வாங்கம்மா, அவர் வேண்டாம்னு அவ சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?" விசாவுக்கு அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் உங்கள் மகள் இரண்டு பேர் பெயரையும்தானே போட்டிருக்கிறாள் என்றேன். "அது நான் கத்துறதுக்கு முன்னாடி எழுதினது" என்றார். கடைத்தெரு முழுக்க ஒரு பைசா விட்டுக்கொடுக்காமல் நின்ற ஆள் வாலு இவர், உன் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்கு இப்படிப் பயந்திருக்கிறார். இத்தனை வருஷம் கூடவே குடும்பம் நடத்திய மனுஷனை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

உன்னிடம் போனில் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் இது, விரைவுத் தபாலில் வருகிறது. விமான நிலையத்துக்கு வரும்போது அவருக்கும் ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வா, கொண்டு வரமாட்டார், கேட்டால் எனக்குக் குளிராது என்பார். அங்கே கடையில் கார்டு தேய்க்கும்போது எந்த நாட்டுப் பணத்தில் எடுக்கட்டும் என்று மெஷின் கேட்டால் அந்த ஊர்ப் பணம் என்றுதான் அமுக்கவேண்டுமாம், இதையும் அவர் விசாரித்து வைத்திருக்கிறார், உனக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாததுபோல் கேட்டுக்கொள்.

நீயும் அந்தப் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், மனம் கோணாமல், நூறு வயசு சேர்ந்து இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன் அப்பாவுக்குப் போன் செய். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இன்றைக்கு ரேட் என்ன அப்பா, எங்கே மாற்றினால் லாபம் என்று மட்டும் கேள், மணிக்கணக்கில் பேசுவார். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில், நீங்களும் வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்தே பழகி, இப்போது தானே வரப்போகிற
அம்மா