வாசலை அடைத்த ஜீப்

ஜூன் 10, செவ்வாய்

என் ஜீப்பில் ஸ்டீயரிங் ஆயில் ஒழுகுகிறது. பழங்காநத்தத்திலிருந்து மெக்கானிக் சங்கிலி வந்தார். ஜீப்பை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். மூக்கு காம்பவுண்டுக்குள், வால் தெருவில். "அப்டியே நிக்கட்டும் டீச்சர், அரை மணி நேர வேலை" என்றார்.

ஸ்டீயரிங் பெட்டிக்கு அடியில் உள்ள இரும்புக் கையைக் கழற்றினால்தான் ஒழுக்கை அடைக்க முடியுமாம். அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டார். கை மட்டும் துருப்பிடித்து அசையவில்லை. இருட்டும்வரை சுத்தியல் சத்தம்.

ஜூன் 11, புதன்

பிடித்து இழுக்கும் புல்லர் என்ற கருவியை மாட்டினார். இப்போது புல்லரும் சிக்கிக்கொண்டது.

"புல்லரைக் கழட்ட இன்னொரு புல்லர் வேணும் டீச்சர்."

"அதுவும் மாட்டிக்கிட்டா?"

சுத்தியலைப் பைக்குள் போட்டார். "பாப்போம்" என்றார்.

என் கணவருடைய கார் ஜீப்புக்கு முன்னால், காம்பவுண்டுக்குள் சிறைப்பட்டுவிட்டது. சக்கரம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது, ஜீப்பை அசைத்தால் வாசல் தூணில் இடிக்கும். இவர் ஆபீசுக்குப் பஸ்ஸில் போனார். கே.கே. நகரில் யாருக்கும் இப்படி ஒரு வாசல் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஜூன் 13, வெள்ளி

தெருவில் ஐந்து பேர் யோசனை சொன்னார்கள். பால்காரர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

ஜூன் 14, சனி

எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம், அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடி ஜெபிப்பது. தள்ளிப்போட முடியாது. வாசலில் ஆள் நுழைய இடமில்லாததால் பத்துப் பெண்கள் ஜீப்பின் பின்பக்கம் ஏறி, முன்சீட் வழியாக இறங்கி வந்தார்கள். தலைவி பிலோமினாள் அக்கா மட்டும் முன்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "இங்கயே நல்லாத்தான் இருக்கு எஸ்தர்" என்று அங்கிருந்தே ஜெபமாலையை நடத்தினார். காபியையும் அங்கேயே கொடுத்தேன்.

மாலையில் சங்கிலி புதுப் புல்லர் கொண்டுவந்தார். முதல் புல்லர் விடுபட்டது. புதியதை இரும்புக் கையில் மாட்டி, முடிந்தமட்டும் முறுக்கி அப்படியே விட்டார்.

"இம்புட்டுத்தான் நம்ம கையில. இனி அதுவா விடும்."

"எப்ப?"

"அது அதுக்குத்தான் தெரியும்."

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைத் தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

கோயிலில் பூசை முடிந்து வந்து, ஜீப் வழியாக ஏறி உள்ளே இறங்கியிருந்தேன். தெருவில் என் தம்பி கிறிஸ்துராஜ், தாம்பாளத்தோடு. மகள் ஆஷ்லினின் கல்யாணப் பத்திரிகை. நாங்கள் பேசி மூன்று வருஷம். அப்போது அவனுடைய புதுக் காரைப் பார்த்து, மிக்ஸி மாதிரி கத்துதே என்றேன். ஒரு வார்த்தை. அதற்கு மூன்று வருஷமா? சரி — நான் மன்னிப்புக் கேட்டேனா?

ஜீப்பின் பின்பக்கமாகக் கையை நீட்டி, "இந்தாங்க" என்றான். இந்தாங்களாம்! நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பய.

"உள்ள வந்து குடு. வெளிய நின்னு நீட்ட நீ என்ன கூரியர்காரனா?"

"வழி எங்க இருக்கு?"

"ஏறி வா. பிலோமினாக்காவே ஏறுனாங்க."

வேட்டியை மடித்துக் கட்டி, தாம்பாளத்தை முன்னால் தள்ளிக்கொண்டே தவழ்ந்து வந்தான். முன்சீட்டில் தொம்மென்று உட்கார்ந்தான்.

டமார்!

தெருவே அதிர்ந்தது. "யேசப்பா! அக்கா!" என்று கத்தி என் கையைப் பிடித்துக்கொண்டான். தாம்பாளத்துக் கற்கண்டெல்லாம் சிதறிவிட்டது. இருவரும் குனிந்து பார்த்தோம். இரும்புக் கை புல்லரோடு தரையில் கிடந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"நீதாண்டா பண்ணுன."

அவன்தான் முதலில் சிரித்தான். எனக்கு ஏனோ அழுகை வந்தது. "அந்த மிக்ஸி... அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

"அது கத்தத்தான் செஞ்சுச்சு. போன வருஷமே வித்துட்டேன்."

இவர் பனியனோடு ஓடிவந்தார். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "கார் வெளிய போகலாமா?" என்றுதான் கேட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

சங்கிலி எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். ஒழுகவில்லை. "சொன்னேன்ல டீச்சர், தானா விடும்னு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கிறிஸ்துராஜ் உட்கார்ந்ததை நான் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பேரையூர்ச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். "நீயும் வா, ஜீப்புலயே போவோம்" என்றான் தம்பி. நான் ஓட்ட, திருமங்கலம்வரை அவன் ஒரே பாடம். இடது பக்கம் ஒடிக்கா, ஹாரன் அடிக்கா, மெதுவாக்கா. அதற்குப் பிறகு சத்தத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். மடியில் பத்திரிகைக் கட்டு, வாய் திறந்தபடி நல்ல தூக்கம். பேரையூர் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.